சீனிப்பாகில் மிதந்த பல்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்மாக்கண்ணு படியேறி வந்தது ஒரு பல் வாங்கத்தான்.

"திங்கக்கெழம பெரட்டுக்கு முந்தி இந்த எடத்துல ஒரு பல்லு வேணும் மிஸ். சின்னதோ பெருசோ, எதா இருந்தாலும் சரி" என்று வாயை மூடியிருந்த முந்தானையை விலக்கிக் காட்டினார். மேல்வரிசையின் நடுவில் ஒரு பல் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மாடியில் பிரேமினி பல் கட்டும் தொழில் செய்துவந்தாள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கிற பல் வைத்தியர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அவளுக்கு அனுப்புவார்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் எண் இருக்கும், பெயர் இருக்காது. பிரேமினி மெழுகில் பல்லைப் பதித்து, சாந்துக்குள் புதைத்து, கொதிநீரில் மெழுகை உருக்கிக் கழுவி, மெழுகு இருந்த இடத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை நிரப்பி இறுகவைத்து அனுப்பிவிடுவாள். அந்த மலைப்பக்கத்தில் எத்தனையோ பேருடைய சிரிப்பு அவள் கைவேலை. யாருடைய சிரிப்பு என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

செய்து முடித்த பற்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் த்ரீவீலர் ஓட்டும் மூக்கன். நாற்பத்தெட்டு வயது, பத்து வயதுப் பையனின் ஆர்வம். இரண்டு வருடத்துக்கு முன் கொத்மலையில் காணாமற்போன ஒரு தங்கப் பல்லைப் பிரேமினி இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே கண்டுபிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து மூக்கன் தன்னைப் பாதித் துப்பறிவாளராகவே எண்ணி நடமாடினார். மறுபாதியைப் பெரிய மனதோடு பிரேமினிக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

"அது என்ன திங்கக்கெழம அவசரம்? உக்காந்து சொல்லுங்க" என்றாள் பிரேமினி.

அம்மாக்கண்ணு சொன்னார். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் பூங்கந்தைத் தோட்டம். அங்கே ஸ்டோர் என்று எல்லோரும் சொல்லுகிற தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கிற அறையில், அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. செவ்வாய்க்கிழமை, ருசி பார்த்து விலை சொல்வதற்கான மாதிரிப் பொட்டலம் ஒன்று தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போயிற்று. வியாழக்கிழமை அங்கே ருசி பார்க்கிறவர் அதைப் பிரித்துத் தட்டில் கொட்டினார். தூளோடு ஒரு மனிதப் பல்லும் விழுந்தது.

"நேத்து விடிய, வேலைக்குப் பேரு குடுக்கக் கூடுற பெரட்டுக் களத்துல சின்னதொர எங்க எல்லாரையும் வரிசையா நிக்கவச்சு வாயத் தொறக்கச் சொன்னாரு மிஸ். சந்தையில மாட்டப் பாக்குற மாதிரி. எனக்கு மட்டுந்தான் புதுசா ஓட்ட. போன ஞாயித்துக்கெழம முறுக்கு கடிக்கையில விழுந்த பல்லு. லயத்து வீட்டுத் தகரக் கூர மேல வீசிட்டேன்னு சொன்னா யாரு நம்புறா? திங்கக்கெழமையில இருந்து ஸ்டோருக்கு வராத, மலைக்குப் போன்னுட்டாரு."

"மலையில கொழுந்து எடுக்கிறது கஷ்டமா இருக்குமா உங்களுக்கு?"

"கொழுந்து எடுக்குறதுக்கு நான் பயப்படல. அழுக்குப் பொம்பளன்னு பேரு வந்துருச்சே. அந்தத் தூளுல பத்தொம்பது வருசமா என் முடி ஒண்ணு விழுந்ததில்ல. நேத்து ஸ்டோருல ஒருத்தி கூட எங்கிட்டப் பேசல மிஸ்." அதுவரை திடமாகப் பேசிய அம்மாக்கண்ணுவின் குரல் அந்த இடத்தில் உடைந்தது.

"ஒரு பல்லு போட்டுட்டா ஓட்ட இல்லேன்னு ஆயிரும்ல?" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப போட்டீங்கன்னா மறைக்கிறீங்கன்னுதான் சொல்லுவாங்கக்கா. உங்க வாயில புதுப் பல்லு வைக்கிறத அப்புறம் பாப்போம். எனக்கு அந்தப் பழைய பல்லப் பாக்கணும். அது எங்க?"

"தொரக்கிட்ட திரும்பி வந்துருச்சு. ஆபீசுல வச்சிருக்காரு."

பிரேமினி தன் கருவிப் பெட்டியை எடுத்தாள். திரும்பிப் பார்த்தபோது, அதுவரை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மூக்கன் அங்கே இல்லை. கீழே த்ரீவீலர் ஏற்கனவே உறுமிக்கொண்டிருந்தது.

தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரை ஜெயதீபனுக்கு முப்பது வயது இருக்கும். விவசாயம் படித்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பெரிய துரை விடுமுறையில் போயிருக்க, பல் வந்து இவர் தலையில் விழுந்திருந்தது. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத முகம்.

"நீங்கள் பல் டொக்டரோ?" என்று பிரேமினியைக் கேட்டார்.

"இல்ல சார். பல்லு செய்றவ."

"திங்கள் காலமை நான் கொழும்புக்கு அறிக்கை அனுப்ப வேணும். ஆருடைய பல், எப்பிடி வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தனீங்கள் எண்டு கேட்டிருக்கினம். அவாவை எனக்குப் பிடிக்காமலில்லை. ஆனா பல் விழுந்த ஒரே ஆள் அவாதானே? நான் வேற என்ன செய்யிறது?"

சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு முன்பல். பால் போன்ற வெள்ளையில் லேசான மஞ்சள். அம்மாக்கண்ணு வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரேமினி பல்லை இடுக்கியால் எடுத்து, மேசையிலிருந்த கோப்பையின் விளிம்பில் மெல்லத் தட்டினாள். டொக் என்று மந்தமாக ஒரு சத்தம் வந்தது. அவள் புருவம் உயர்ந்தது.

"சார், அரைக் கிளாஸ் கொதிதண்ணியும் சீனியும் கெடைக்குமா? சீனி நெறைய வேணும்."

"டீ குடிக்கப் போறியளோ?"

"பல்லு குடிக்கட்டும்" என்றார் மூக்கன், ஏதோ தெரிந்தவர் போல. அவருக்கு ஒன்றும் தெரியாது.

பிரேமினி கொதிநீரில் சீனியை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினாள். இனிக் கரையாது என்ற அளவுக்குக் கெட்டியான பாகு ஆனதும் ஆறவைத்தாள். பிறகு கருவிப் பெட்டியிலிருந்து வேறொரு பல்லை எடுத்தாள்.

"இது உண்மையான மனுசப் பல்லு. நிறம் ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக வச்சிருக்கேன். பாருங்க."

அந்தப் பல் பாகுக்குள் நேராக இறங்கி அடியில் உட்கார்ந்தது. பிறகு கொழும்பிலிருந்து வந்த பல்லைப் போட்டாள். அது ஒருமுறை முழுகி எழுந்து, பாகின் மேல் சாவகாசமாக மிதந்தது.

மூக்கன் கைதட்டியே விட்டார். ஜெயதீபன் குனிந்து கிளாசுக்குள் பார்த்தார்.

"நம்ம பல்லு கல்லு மாதிரி, சார். உடம்புலயே கெட்டியானது அதோட மேல்பூச்சுதான். தண்ணியவிட ரெண்டு மடங்குக்கு மேல கனம். பீங்கான் பல்லும் அப்படித்தான், முழுகிரும். இது அக்ரிலிக். வெறும் தண்ணியில போட்டிருந்தா இதுவும் முழுகியிருக்கும். இந்தப் பாகு அதவிடக் கனம், அதனால மெதக்குது. இது யாரோட வாயிலயும் முளச்ச பல்லு இல்ல. கடையில வாங்கி, கட்டின பல்லு."

"அப்ப இவா பொய்ப்பல் போட்டிருந்திருப்பா. அது விழுந்திருக்கும்" என்றார் ஜெயதீபன்.

"அக்கா, வாயத் தொறங்க. சார், நீங்களே பாருங்க. ஈறு இன்னும் ஆறல. குழி அப்படியே இருக்கு. ஆறு நாளைக்கு முன்னாடி அந்த எடத்துல வேரோட ஒரு சொந்தப் பல்லு இருந்திருக்கு."

ஜெயதீபன் பார்த்தார். முகம் சிவந்தது. ஆனாலும் கொழும்பு அவர் கண்முன் நின்றது.

"சரி, இவான்ரை இல்லை. ஆனா ஆருடைய எண்டு தெரியாமல் நான் என்னத்தை எழுதுறது? ஆளைக் காட்டாட்டில், சலிக்கிற அறையில நிக்கிற எல்லாரையும் மாத்தச் சொல்லுவினம். இவாவையும் சேர்த்துத்தான்."

"மூணு மணி வரைக்கும் டைம் குடுங்க" என்றாள் பிரேமினி.

மூக்கன் அதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். காயவைக்கும் இயந்திரத்தில் நிற்கிற வீரய்யாவுக்குப் பல்செட் உண்டு என்பது தோட்டத்துக்கே தெரியும். சின்னப் பிள்ளைகளைக் கண்டால் அதை நாக்கால் வெளியே தள்ளிக் கடகடவென்று ஆட்டிக் காட்டுவார். மூக்கன் நேராக அவரிடம் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பெரியவரே, பல்ல எண்ணணும்" என்றார்.

வீரய்யா சந்தோசமாகக் கழற்றிக் கையில் கொடுத்தார். பதினான்கு பல்லும் இருந்தன.

"இது ரெண்டாவது செட்டு தம்பி" என்று பொக்கை வாயால் சிரித்தார். "மொத செட்ட ஒரு நா ஈரம் காயட்டும்னு இந்த டிரையருக்குள்ள தட்டுல வச்சேன். வெளிய வந்தப்ப பப்படம் மாதிரி வளைஞ்சு கெடந்துச்சு. பல்லெல்லாம் உருண்டு போச்சு. என் பேரன் அத வச்சு இன்னும் வெளையாடுறான்."

மூக்கன் ஏமாந்து திரும்பினார். பிரேமினியோ, அதிர்ஷ்டச் சீட்டு விழுந்தவள் போல அந்த இயந்திரத்தையும் கையிலிருந்த பல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பல்லின் ஓரம் கூர்மையாக, புதிதாக இருந்தது.

சலிக்கிற அறை வாசலில் இருவருக்கும் தொப்பியும் முகமூடியும் கொடுத்தார்கள். உள்ளே நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் வாயும் மூக்கும் மூடியிருந்தன. சல்லடைகள் அதிர்ந்துகொண்டிருந்தன. கடைசிச் சல்லடையின் கண்ணில் பிரேமினி பல்லை வைத்துப் பார்த்தாள். கண் சின்னது, பல் பெரிது.

அடுத்தது ருசி பார்க்கிற அறை. ஜன்னலோரமாக நீண்ட மேசை, அதன்மேல் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக. டீமேக்கர் யோகேஸ்வரன் அங்கே தனியாக நின்றார். அந்தத் தொழிற்சாலையில் எந்தத் தூள் வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானிப்பது அவருடைய நாக்கு. கழுத்திலிருந்து மூக்கு வரை மப்ளர் சுற்றியிருந்தார்.

"சளி" என்றார், வேறொன்றும் சொல்லாமல்.

"மாதிரிப் பொட்டலம் நீங்கதான் கட்டுவீங்களா சார்?"

அவர் தலையசைத்தார். எப்படி என்று கேட்டதற்குச் செய்து காட்டினார். சலித்த குவியலிலிருந்து தூளை உள்ளங்கையில் அள்ளினார். மப்ளருக்கு மேலே தூக்கி முகர்ந்தார். பிறகு பொட்டலத்தில் கொட்டினார்.

"வழக்கமா இன்னும் நல்லா ஊதிப் பாப்பாரு" என்று கூட வந்த அம்மாக்கண்ணு சொன்னார். "வாயத் தொறந்து ஆன்னு சூடா மூச்ச விட்டாத்தான் தூளுல உள்ள வாசம் எழும்பும். அய்யாவுக்கு இந்தக் கெழம ஒடம்புக்கு முடியல."

மேசைக்கடியில் ஒரு சீப்பு வாழைப்பழமும், பக்கத்தில் ஒரு வாளி நிறைய வாழைப்பழத் தோலும் இருந்ததை மூக்கன் பார்த்தார். சளிக்கு வாழைப்பழம் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தார். பிரேமினி அவர் காலை மிதித்தாள்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து பிரேமினி உருப்பெருக்கியை எடுத்தாள். பல்லைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சந்தோசம் மெல்ல இறங்கியது.

"என்ன மிஸ்? என்ன தெரியுது?" என்றார் மூக்கன்.

அவள் ஊசியால் பல்லின் அடியைச் சுரண்டினாள். வந்த பொடியை மூக்கன் கையிலிருந்த சுடு பிளேன்டீக்குள் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் டீயின் மேல் ஒரு சின்ன எண்ணெய்க்கண் பளபளத்தது.

"நான் குடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் மூக்கன் வருத்தமாக.

பிரேமினி பெட்டியிலிருந்து தன் வேலைக் கொப்பியை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். மூக்கன் தோளுக்கு மேலால் எட்டிப் படித்தார். 'எண் முப்பத்தொன்று. ஆண். மேல் முன்பல் ஒன்று. அண்ணத்தை மூடக்கூடாது, தகடு முடிந்தவரை மெல்லிசாக வேண்டும் என்று நோயாளி பிடிவாதம்.' ஓரத்தில் பென்சிலால், 'கேஸ் முடிந்த நாள்' என்று இருந்தது.

"புரிஞ்சிருச்சு" என்றார் மூக்கன்.

"என்ன புரிஞ்சுது?"

"ஒண்ணும் புரியலேன்னு."

அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, "எல்லாரையும் ருசி பாக்குற அறைக்கு வரச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

மூன்று மணிக்கு வெள்ளைக் கோப்பைகளுக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். ஜெயதீபன் குறிப்பெழுதப் பேனாவோடு, வீரய்யா பல்செட்டோடு, யோகேஸ்வரன் மப்ளரோடு. அம்மாக்கண்ணு கதவோரத்தில் நின்றார். மூக்கன் யாரும் ஓடிவிடாதபடி வாசலை மறித்துக்கொண்டார்.

"இந்தப் பல்லு அக்காவோடது இல்லேன்னு சீனிப்பாகு சொல்லிருச்சு" என்று பிரேமினி தொடங்கினாள். "எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்போம். கொழுந்தோட மலையில இருந்து வந்திருந்தா ரோலருல பச்சச் சாறோட சேந்து அரபட்டிருக்கும். அக்ரிலிக் நம்ம பல்லு அளவு கடினம் இல்ல, ஊசி பட்டாலே கீறும். இதுல ஒரு கீறல் இல்ல, கறையும் இல்ல. அதுக்கப்புறம் டிரையர். வீரய்யா அண்ணனோட மொத செட்டு அதுக்குள்ள போயி என்ன ஆச்சுன்னு கேட்டுப் பாருங்க."

"பப்படம்" என்றார் வீரய்யா பெருமையாக.

"கொதிக்கிற சூட்டுல அக்ரிலிக் இளகிரும். இதோட ஓரம் மழுங்கவே இல்ல. அதனால டிரையருக்கு அப்புறம்தான் விழுந்திருக்கு. சல்லடையில விழுந்திருந்தா அது தடுத்திருக்கும். பல்லு அந்தக் கண்ணுல நுழையாது. சலிச்சு முடிஞ்ச தூளுல விழுந்திருக்கணும்."

"அந்தக் குவியலுக்குப் பக்கத்தில நிக்கிறது இந்தப் பொம்பிளையள்தானே?" என்றார் ஜெயதீபன்.

"ஆமா சார். எல்லாரும் வாய மூடிக்கிட்டு. நீங்க போட்ட சட்டம்தானே? மூடின வாயில இருந்து பல்லு விழுந்தா முகமூடிக்குள்ளதான் கெடக்கும்."

ஜெயதீபன் பேனாவைக் கீழே வைத்தார். இந்தச் சின்ன விஷயம் தனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொண்டது முகத்தில் தெரிந்தது.

"இப்பக் குத்தவாளி யாருன்னு சொல்றேன்" என்றாள் பிரேமினி. மூக்கன் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நான்தான்."

மூக்கன் கதவை விட்டுவிட்டார்.

"இது நான் கட்டின பல்லு சார். ஒவ்வொரு பல்லோட அடியிலயும் பிடிப்புக்காகச் சின்னதாக் குறுக்குக் கோடு வெட்டுவேன். இது என் வெட்டு. தகடும் அக்ரிலிக், பல்லும் அக்ரிலிக். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே பொருளா ஆயிரும். ஒழுங்கா ஒட்டுன பல்ல இழுத்தா, பல்லு உடையும், இல்லேன்னா தகட்டுல ஒரு துண்டோட பிஞ்சு வரும். இது சுத்தமாக் கழண்டு வந்திருக்கு. ஏன்னா அடியில மெழுகு இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பாதி வேலையில அடுப்புக்கு கேஸ் முடிஞ்சு போச்சு. தண்ணி நல்லாக் கொதிக்கல. போதும்னு நெனச்சுக் கழுவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத அளவு மெழுகு தங்கிருச்சு. போதாததுக்கு, தகடு ரொம்ப மெல்லிசா வேணும்னு கேட்டிருந்தாங்க. மெல்லிசாச் செஞ்சா வளையும். ஒவ்வொரு கடிக்கும் வளஞ்சு வளஞ்சு, மெழுகுல ஒட்டியிருந்த பல்லு ஆட ஆரம்பிச்சிருச்சு. என் அரைகுறை வேலைக்கு அக்கா ரெண்டு நாளா அழுதாங்க. அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

அம்மாக்கண்ணு கதவோரத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார்.

"அதெல்லாம் சரி மிஸ்" என்றார் மூக்கன், பொறுக்க முடியாமல். "பல்லு யாருக்குச் செஞ்சீங்க?"

"எனக்குப் பேரு வர்றதில்லண்ணே. ஒரு எண்தான் வரும். ஆனா அண்ணத்த மூட வேணாம்னு அந்த ஆளு பிடிவாதமா இருந்திருக்காரு. பல்லு கட்டுறவங்க கெட்டியா நிக்கணும்னுதான் கேப்பாங்க. சூடும் மணமும் துல்லியமாத் தெரியணும்னு கவலப்படுறவங்க ரொம்பக் குறவு. எந்தத் தொழில் செய்றவங்களுக்கு அந்தக் கவல இருக்கும்னு நான் சொல்லப் போறதில்ல. அது அவங்க சொந்த விஷயம். அவங்க தெரிஞ்சு ஒரு தப்பும் செய்யலேன்னு மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும். பல்லு தன் வயித்துக்குள்ள இருக்குதுன்னு நம்பிக்கிட்டிருக்காங்க."

வாழைப்பழச் சீப்பு மேசைக்கடியில் பேசாமல் கிடந்தது. மூக்கனின் கண்கள் மெல்ல அதன்மேல் போய் நின்றன. அவர் வாய் திறந்தது. பிரேமினி இன்னொரு முறை காலை மிதிக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் யோகேஸ்வரன் மப்ளரைப் பிடித்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று விழுந்ததும் அவர் சிரித்தார். மேல்வரிசையின் நடுவில் ஒரு ஜன்னல்.

"செவ்வாக்கெழம காலையில தூள ஊதிப் பாத்தேன். பொட்டலத்துல கொட்டினேன். அடுத்து கோப்பையில இருந்து சாயத்த உறிஞ்சித் துப்பினேன். அப்பத்தான் நாக்குக்குத் தெரிஞ்சுது, பல்லக் காணோம்னு. துப்புற வாளியில கையவிட்டுத் தேடினேன். இல்ல. உறிஞ்சுன வேகத்துல உள்ள போயிருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்." அவர் வாழைப்பழத் தோல் கிடந்த வாளியைக் கைகாட்டினார். "அஞ்சு நாளா வாழைப்பழம். நூறு தின்னுருப்பேன். காலையும் மாலையும் எதிர்பாத்துக்கிட்டே இருந்தேன்."

வீரய்யாதான் முதலில் வெடித்துச் சிரித்தார். சிரித்த வேகத்தில் அவர் பல்செட் பறந்து ஒரு கோப்பைக்குள் விழுந்து கிண்ணென்றது. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஜெயதீபனே மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

சிரிப்பு ஓய்ந்ததும் யோகேஸ்வரன் அம்மாக்கண்ணு பக்கம் திரும்பினார். "கொழும்புல மனுசப் பல்லுன்னு சொன்னாங்க அம்மாக்கண்ணு. என்னோடது பிளாஸ்டிக்கு, அதுவும் வயித்துக்குள்ள இருக்குன்னு நெனச்சேன். ரெண்டையும் சேத்து யோசிக்க எனக்குப் புத்தி வரல. உத்தியோகத்தன்னு என்னைய யாரும் வாயத் தொறக்கச் சொல்லவும் இல்ல. டீமேக்கருக்குப் பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சா என் வாய யாரு நம்புவான்னு பயந்து மூடிக்கிட்டேன். ஒனக்கு இப்படி ஒரு பேரு வந்தப்பவாவது நான் மப்ளரக் கழட்டிப் பேசியிருக்கணும்."

"உங்க நாக்குல கொற இல்லையே அய்யா" என்றார் அம்மாக்கண்ணு மெதுவாக. "பல்லா ருசி பாக்குது?"

ஜெயதீபன் கொழும்புக்கான அறிக்கையை அப்போதே எழுதினார். பிரேமினி தன் பிழையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திட்டாள். பேனாவை மூடிவிட்டு அவர் அம்மாக்கண்ணுவைப் பார்த்து, "திங்கக்கிழமை வழமைபோல ஸ்டோருக்கு வாங்கோ அக்கா" என்றார்.

அம்மாக்கண்ணு அசையவில்லை. "வர்றேன் தொர. ஆனா வாயத் தொறக்கச் சொன்னது நாலு செவுத்துக்குள்ள இல்ல."

ஜெயதீபனுக்குப் புரிந்தது. அறிக்கையை மடித்து உறையில் போட்டுவிட்டு, "ஓம்" என்றார்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத பனியில், டீமேக்கரின் புதிய பல்லோடு பிரேமினியும் மூக்கனும் பூங்கந்தைக்கு வந்து சேர்ந்தபோது, பெரட்டுக் களம் நிறைந்திருந்தது. இந்த முறை பிரேமினி மூன்று தரம் கொதிக்க வைத்து மெழுகைக் கழுவியிருந்தாள்.

ஜெயதீபன் படிமேல் ஏறி நின்றார். குளிரில் எல்லோரும் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சத்தமாகவே பேசினார்.

"அந்தப் பல் அம்மாக்கண்ணு அக்கான்ரை இல்லை. அவாவில ஒரு பிழையும் இல்லை. விசாரிக்காமல் எல்லாருக்கும் முன்னால அவாவை நான் வெக்கப்படுத்திப்போட்டன். எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன் அக்கா. உங்கள் எல்லாரிட்டையும்தான்."

ஒரு துரை இந்தப் படியில் நின்று மன்னிப்புக் கேட்டதை அங்கே யாரும் பார்த்ததில்லை. அம்மாக்கண்ணு வரிசையிலிருந்து நடந்து வந்து படிக்குக் கீழே நின்று அவரை அண்ணாந்து பார்த்தார்.

"சரி தொர. இப்ப நீங்க வாயத் தொறங்க."

ஜெயதீபன் ஒரு கணம் திகைத்தார். பிறகு குனிந்து, ஒழுங்காக, அகலமாக வாயைத் திறந்தார். அம்மாக்கண்ணு இடுப்பில் கைவைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்து நிதானமாக எண்ணினார்.

"எல்லாம் இருக்கு. கீழ ரெண்டு சொத்த. கவனிச்சுக்கங்க" என்றார்.

களமே அதிர்ந்தது. மூக்கன் சிரித்துச் சிரித்து த்ரீவீலர் மேல் சாய்ந்துவிட்டார். பிரேமினிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரிப்பினால் மட்டும் வந்ததல்ல.

சங்கு ஊதியது. வெள்ளிக்கிழமை பேசாமலிருந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் அம்மாக்கண்ணு பின்னாலேயே ஓடிவந்து, "அக்கா... நாங்க வந்து..." என்று இழுத்தார்கள். அம்மாக்கண்ணு திரும்பிப் பார்த்தார்.

"தொப்பிய ஒழுங்கா மாட்டுங்கடி. தூளுல முடி விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்" என்றார்.

ஸ்டோருக்குள் முதல் ஆளாகப் போய், சல்லடையின் சுவிச்சை அவரே போட்டார்.